இதயத்தை நிறுத்திச் செய்யும் பைபாஸா, நிறுத்தாமல் செய்வதா: எதில் சீக்கிரம் தேறலாம்?

தந்தைக்கு இதய ரத்தக் குழாய்கள் மூன்றில் அடைப்பு, ஒரு மருத்துவர் இதயத்தை நிறுத்தியும் இன்னொருவர் துடிக்கும்போதே செய்வதாகவும் சொல்கிறார், எதில் சீக்கிரம் தேறுவார் என்று கேட்டிருக்கிறீர்கள். இதயம் நிற்கும்போது அதன் வேலையையும் நுரையீரலின் வேலையையும் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்தை அறுவை அரங்கில் இயக்குவது என் தொழில். ஆகவே என் பதிலில் இயந்திரத்தின் பக்கம் சாய்வு தெரிந்தால் அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

இயந்திரத்தில் இணைத்தபின் இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக் குழாயான மகாதமனியில் கிளாம்ப் என்ற இடுக்கி போட்டு, பொட்டாசியக் கரைசல் செலுத்தி இதயத்தை நிறுத்துகிறோம். அசையாத இடத்தில் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத குழாயைத் தைக்கலாம். நிறுத்தாமல் செய்யும்போது தையல் விழும் இடத்தை மட்டும் உறிஞ்சு கருவியால் பிடித்து நிறுத்துகிறார்கள். பின்பக்கக் குழாய்க்காக இதயத்தைத் தூக்கித் திருப்பும்போது ரத்த அழுத்தம் சரியும் என்பதால், அந்தச் சில நிமிடங்களில் மயக்க மருத்துவரின் கண் திரையை விட்டு நகராது.

19 நாடுகளில் 4,752 பேரிடம் இரு முறைகளையும் ஒப்பிட்டு நடந்த ‘கொரோனரி’ என்ற ஆய்வில், ஐந்தாண்டு முடிவிலும் மரணம், பக்கவாதம், மாரடைப்பு ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் இதே ஒப்பீட்டுக்காக நடந்த ‘ரூபி’ என்ற ஆய்விலோ, ஐந்தாண்டில் இறந்தோர் நிறுத்தாமல் செய்தவர்களில் 15.2 சதவீதம், நிறுத்திச் செய்தவர்களில் 11.9 சதவீதம். அங்கே அறுவை செய்தவர்களில் பலருக்கு நிறுத்தாமல் செய்வதில் போதிய பழக்கம் இல்லை என்ற விமர்சனம் உண்டு. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. ஆகவே உங்கள் மருத்துவர் அன்றாடம் எந்த முறையில் செய்கிறாரோ அதையே அவரிடம் செய்துகொள்வது நல்லது. மகாதமனியில் சுண்ணாம்பு கடுமையாகப் படிந்திருந்தால் மட்டும் கதை வேறு: கிளாம்ப் போட்டால் துணுக்கு உடைந்து மூளைக்குப் போகலாம் என்பதால், அங்கே நிறுத்தாமல் செய்வதே பாதுகாப்பு.

தேறுவதற்கு ஆகும் காலத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நெஞ்செலும்புதான். இரண்டு முறையிலும் அதைப் பிளந்து கம்பியால் கட்டுகிறார்கள். கூடுவதற்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். விலா இடுக்கு வழியாகச் செய்யும் சிறு துளை முறையில் எலும்பு தப்பும், ஆனால் மூன்று குழாய் அடைப்புக்கு அது எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் நெஞ்சுக் காயமும், பைபாஸுக்காகக் காலிலிருந்து ரத்தநாளம் எடுத்த காயமும் ஆற நாளாகும். வீட்டுக்கு வந்தபின் பலர் அதிகம் முறையிடுவது கால் வீக்கத்தைப் பற்றித்தான். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளவும், கட்டிலில் கையூன்றாமல் ஒருக்களித்து எழவும், மூச்சுப் பயிற்சிக் கருவியில் பந்துகள் மேலேறும்படி மூச்சை உள்ளிழுக்கவும் அறுவைக்கு முன்பே அவரைப் பழக்கிவிடுங்கள். வலியோடு இருக்கும்போது புதிதாகக் கற்றுக்கொள்வது கடினம்.