பின்போல் மேசை: காசை எதில் போடுவது, எதில் மிச்சம் பிடிப்பது?

சரிவான பலகையில் ஒரு இரும்புக் குண்டை ஸ்பிரிங் தண்டால் ஏவி, ஆணியிலும் ரப்பர் வளையத்திலும் மோதவிட்டு, அது கீழே விழுந்து தொலையாமல் இரண்டு துடுப்புகளால் தட்டி மேலே அனுப்புவதுதான் பின்போல். வீட்டிலேயே பலகையில் இதைச் செய்பவர்கள் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். எல்லாப் பதிலும் 3 அடி நீளம், 20 அங்குல அகல ஆடுகளத்தை வைத்துத்தான்.

கேள்வி: வாசிகசாலைப் பிள்ளைகளுக்காக ஒன்று செய்கிறோம். முதிரைப் பலகை கொஞ்சம் கையில் இருக்கிறது. அதிலேயே முழுவதையும் செய்யலாமா, பிளைவூட் வாங்க வேண்டுமா? (பரந்தன்)

பதில்: முதிரையைக் காலுக்கும் மேல் சட்டத்துக்கும் வையுங்கள். ஆடுகளத்துக்கு வேண்டாம். 20 அங்குல அகலத்துக்கு இரண்டு மூன்று பலகையை ஒட்ட வேண்டிவரும். மாரியில் ஊதி, கோடையில் சுருங்கி, ஒட்டின இடம் மேடு தட்டும். பிறகு குண்டு ஒவ்வொரு தடவையும் அந்த மேட்டில் ஒரே பக்கம் திரும்பும். அதோடு முதிரையில் துளை போடாமல் ஆணி அடித்தால் ஒன்றில் ஆணி வளையும், இல்லையென்றால் பலகை வெடிக்கும். இந்த மேசைக்கோ நூற்றுக்கு மேல் ஆணி தேவைப்படும்.

12 மி.மீ மெரைன் பிளைவூட் வாங்குங்கள். 8×4 அடித் தட்டில் பாதி, அதாவது 4×4 அடி, போதும். அதில் 36×20 அங்குல ஆடுகளம், இரண்டு பக்கப் பலகை, முன் பின் பலகைகள் எல்லாம் வந்துவிடும். பக்கப் பலகை பின்னால் 10 அங்குல உயரம், முன்னால் 6 அங்குலம். 3 அடிக்கு இந்த 4 அங்குல இறக்கம் கிட்டத்தட்ட 6.5 பாகைச் சரிவு. பெரிய கடைகளில் நிற்கும் இயந்திரங்களுக்கும் வழக்கமான சரிவு அதுதான். இதைவிடக் குறைந்தால் குண்டு தூங்கி வழியும். கூடினால் துடுப்புக்கு எட்டுவதற்குள் விழுந்துவிடும்.

கடையில் பலகையின் முகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், விளிம்பைப் பாருங்கள். 12 மி.மீக்கு ஏழு, ஒன்பது அடுக்கு இருந்தால் நல்லது. ஐந்து தடித்த அடுக்கும் இடையில் கறுத்த பொந்தும் தெரிந்தால் விட்டுவிடுங்கள், அந்தப் பொந்தில் இறங்கிற ஆணி ஒரு கிழமையில் ஆடத் தொடங்கும். ஒரு முனையில் கண்ணை வைத்து நீளவாக்கில் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். சிப்போட், எம்.டி.எவ் மலிவுதான். ஆனால் ஒரு மாரி தாங்காது.

மேலதிகமாக முதிரை, பாலை வாங்குவதென்றால் பற்றுச்சீட்டோடு விற்கும் மரக்காலையில் வாங்குங்கள். ஏற்றி வரும்போது வனவளத் திணைக்கள அனுமதிப் பத்திரம் கையில் இருக்க வேண்டும். மலிவாகத் தருகிறேன் என்று வாசலுக்கு வரும் பலகையில் மிச்சம் பிடிக்கப் போனால் வழிமறிப்பில் மாட்டுவது நீங்கள்தான்.

கேள்வி: போளை போதுமா, இரும்புக் குண்டுதான் வேண்டுமா? குண்டு அடிக்கடி ஆணிகளுக்குள் சிக்கி நிற்கிறது. (முள்ளியவளை)

பதில்: கடைப் போளை 16 மி.மீ, ஐந்து கிராம் அளவில்தான் இருக்கும். ரப்பரில் பட்டால் துள்ளும், ஆனால் புள்ளி எண்ணும் சுவிட்சை அமுக்கப் பாரம் காணாது. பல போளைகள் முழு உருண்டையும் இல்லை. முக்கால் அங்குல, அதாவது 19 மி.மீ, பெயாரிங் குண்டு ஏறத்தாழ 28 கிராம். இந்த அளவு மேசைக்கு அதுதான் பொருத்தம். (பெரிய இயந்திரங்களில் ஓடுவது 27 மி.மீ, 80 கிராம்.) உழவு இயந்திரம் திருத்தும் கராஜில் கழித்துப்போட்ட பெயாரிங்குக்குள் இருக்கும், சும்மாவே தருவார்கள். ஆனால் அதைச் சுத்தியலால் அடித்து உடைக்க வேண்டாம். அந்த உருக்குச் சில்லாகத் தெறித்துக் கண்ணைப் பதம் பார்க்கும். கராஜ்காரரையே வெட்டித் தரச் சொல்லுங்கள். எடுத்த குண்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பு, சிறு குழி இருந்தால் அது உங்கள் வார்னிஷைத் தின்னும்.

சிக்குவதற்கு வருவோம். 19 மி.மீ குண்டென்றால் இரண்டு ஆணிக்கு இடையில் ஒன்றில் 15 மி.மீக்குக் குறைவாக, இல்லையென்றால் 25 மி.மீக்குக் கூடுதலாக விடுங்கள். நடுவில் உள்ள அளவுகள்தான் குண்டைக் கவ்வும். அடிக்கும்போது ஆணி ஒரு மி.மீ அங்கே இங்கே சரியும் என்பதையும் கணக்கில் எடுங்கள். இதில் அனேகம் பேர் கவனிக்காத ஒன்று உண்டு. நெருக்கமான இரண்டு ஆணி ஒரே மட்டத்தில் நின்றால் குண்டு உள்ளே போகாது, ஆனால் இரண்டின் மடியிலும் வந்து உட்கார்ந்துவிடும். அப்படியான இடங்களில் ஆணிகளைச் சுற்றிப் பழைய சைக்கிள் ரியூப்பில் 8 மி.மீ அகலத்துக்கு வெட்டிய வளையத்தை இழுத்து மாட்டி, அந்த வரிசையையும் சரிவாக வையுங்கள். வளைந்த பாதைகளுக்குச் சைக்கிள் கம்பியை வளைத்துப் போட்டால் தனியாகப் பித்தளைக் கம்பி வாங்கத் தேவையில்லை.

ஆணி ஒன்றரை அங்குலம். 1.5 மி.மீ துளை போட்டு, 10 மி.மீ உள்ளே இறக்குங்கள்.

கேள்வி: ஏவுதண்டை எவ்வளவு இழுத்து விட்டாலும் குண்டு மேல் வளைவு வரைக்கும் போவதில்லை. பெரிய ஸ்பிரிங் வாங்கவா? (மல்லாவி)

பதில்: வாங்க முதல், ஏவின குண்டு மேலே ஓடும் ஓடையை அளந்து பாருங்கள். 19 மி.மீ குண்டுக்கு ஓடை அகலம் 23 மி.மீ. 30 விட்டிருந்தால் குண்டு இரண்டு பக்கமும் மோதி மோதிப் பலத்தை இழக்கும். அடுத்தது தண்டின் முனை. அது குண்டின் நடுவில், பலகையிலிருந்து 9.5 மி.மீ உயரத்தில் பட வேண்டும். கீழே பட்டால் குண்டு கிளம்பி மேல்மூடிக் கண்ணாடியில் அடிக்கும், மேலே பட்டால் பலகையில் அமுங்கும். இரண்டும் சரியென்றால் மட்டும் ஸ்பிரிங்கை மாற்றுங்கள்.

கேள்வி: அண்ணை, துடுப்புக்கு ஒன்லைனில 12 வோல்ற் சொலினொயிட் ரெண்டு எடுத்தனான். குண்டைத் தள்ளுதே ஒழிய அடிக்குதில்லை. அஞ்சு நிமிசத்தில கை வைக்கேலாத சூடு. திருப்பிக் குடுக்கலாமோ? (புதுக்குடியிருப்பு, உயர்தர மாணவர்)

பதில்: தம்பி, சொலினொயிட் என்பது மின் கொடுத்தால் உள்ளே இருக்கும் தண்டை இழுக்கும் கம்பிச் சுருள். நீங்கள் எடுத்தது அனேகமாகக் கதவுப் பூட்டுக்குரிய சின்னச் சுருளாக இருக்கும். விளம்பரத்தில் போட்ட வோல்ற், ஓட்டத்தூரம், இழுவிசைதான் வந்த பொருளிலும் இருக்கிறதென்றால் விற்றவர் மேல் பிழை சொல்ல முடியாது. பொருள் சரி, வேலைதான் வேறு. பெரிய இயந்திரங்களில் துடுப்புச் சுருளுக்கு 50 வோல்ற் அளவில் கொடுப்பார்கள். அதுவும் பல இயந்திரங்களில் இரட்டைச் சுற்று: அடிக்க ஒன்று, தூக்கின துடுப்பைப் பிடித்து வைக்க மெல்லிய மற்றது. உங்களுடையது ஒற்றைச் சுற்று, பொத்தானை அமத்திக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் முழு மின்னையும் குடிக்கிறது. சூடு அதனால்தான்.

முதல் மேசைக்குக் கைவிசையே போதும், காசும் மிச்சம். 6 மி.மீ போல்ற் ஒன்றைப் பலகைக்கு ஊடாக அச்சாக விட்டு, மேலே 65 மி.மீ நீளத் துடுப்பு, கீழே ஒரு சின்னக் கை. பக்கத்துப் பொத்தான் தண்டு அந்தக் கையைத் தள்ளும், ரியூப் வளையம் திரும்ப இழுக்கும். இதில் உயிரே கையின் நீளம்தான். பொத்தான் 15 மி.மீ உள்ளே போகும் என்று வைப்போம். தண்டு அச்சிலிருந்து 20 மி.மீ தூரத்தில் கையைத் தள்ளினால் துடுப்பு 43 பாகை வீசும். அதையே 40 மி.மீயில் தள்ளினால் பாதிதான் திரும்பும், அடி விழாது. ஓய்வில் துடுப்பு 30 பாகை கீழ்நோக்கிச் சரிந்திருக்கட்டும், இரண்டு முனைக்கும் இடையில் 30 மி.மீ. துடுப்பைச் சுற்றியும் ஒரு ரப்பர் வளையம் போடுங்கள். வெறும் மரம் பட்டால் குண்டு செத்துவிடும்.

எடுத்த சொலினொயிட்டை எறியாதீர்கள். குண்டு விழும் குழியிலிருந்து அதைத் தட்டி வெளியே விட ஒன்று உதவும். ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் கொடுத்தால் போதும், சூடாகாது. சுருளுக்குக் குறுக்கே 1 என் 4007 டயோட்டை (மின்னை ஒரு பக்கம் மட்டும் விடும் உறுப்பு), அதன் வெள்ளைக் கோடு நேர்ப் பக்கம் பார்க்க, போட மறந்தால் மின் நிற்கும்போது கிளம்பும் அதிவோல்ற்று சுருளுக்கு மின்னை விட்டு நிறுத்தும் ரான்சிஸ்ரரை ஒரே அடியில் கொல்லும்.

கேள்வி: நிறம் மாறும் ஸ்ரிப் லைற் 5 மீற்றர் வாங்கிப் பெட்டி முழுக்க ஒட்டினோம். தொடக்கத்தில் வெள்ளை, கடைசியில் மங்கின சிவப்பு. அடப்ரர் கொதிக்கிறது. கடைக்காரர் 'ஸ்ரிப் நல்லது, உங்கள் வயரிங் பிழை' என்கிறார். (வவுனியா)

பதில்: கடைக்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது. விற்கும்போதே அதைச் சொல்லியிருக்கலாம்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அது டபிள்யூ.எஸ் 2812பி வகை (ஒவ்வொரு குமிழின் நிறத்தையும் தனித்தனியாக மாற்றலாம்), 5 வோல்ற், மீற்றருக்கு 60 குமிழ். ஒரு குமிழ் முழு வெள்ளையில் 60 மில்லியம்பியர் வரை எடுக்கும். 5 மீற்றரில் 300 குமிழ், ஆக 18 அம்பியர். உங்கள் அடப்ரர் 2 அம்பியர். கொதிக்காமல் என்ன செய்யும்? சிவப்புக்கும் காரணம் உண்டு. மெல்லிய செப்புத் தகட்டில் மின் போகப் போக வோல்ற் விழும். நீலத்துக்கும் பச்சைக்கும் 3 வோல்ற் அளவில் வேண்டும், சிவப்புக்கு 2 போதும். வோல்ற் விழுந்தால் முதலில் சாவது நீலமும் பச்சையும்தான், சிவப்பு மட்டும் தாக்குப்பிடிக்கும்.

இந்த அளவுப் பெட்டிக்கு 2 மீற்றர் தாராளம். மிச்சத்தைச் செப்புக் கோட்டில் வெட்டி வையுங்கள். 120 குமிழ் முழு வெள்ளையில் 7.2 அம்பியர், புறோகிராமில் ஒளியை 255இல் 80க்குக் குறைத்தால் 2.3. இருட்டறையில் அதுவே கண் கூசும். 5 வோல்ற், 5 அம்பியர் அடப்ரர் வாங்கி, ஸ்ரிப்பின் இரண்டு முனைக்கும் 1 சதுர மி.மீ வயரால் மின் கொடுங்கள். தொடக்கத்தில் 1000 மைக்ரோஃபரட் கப்பாசிற்றர், தரவு வயரில் 330 ஓம் தடை. புறோகிராமை ஓட்டும் சின்ன போர்ட்டான அர்டுயினோ நானோவின் 5 வோல்ற் காலிலிருந்து ஸ்ரிப்புக்கு மின் எடுக்க வேண்டாம், போர்ட்தான் எரியும். ஆனால் இரண்டின் கிரவுண்டும் ஒன்றாகச் சேர வேண்டும். சேராவிட்டால் குமிழ்கள் கண்டபடி மினுங்கும். அம்புக்குறி பார்த்து ஒட்டுங்கள், தலைகீழாக ஒட்டினால் ஒரு குமிழும் எரியாது.

வாங்கும்போது கடையிலேயே முழுச் சுருளையும் எரிய வைத்துச் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இந்த வகையில் ஒரு குமிழ் செத்தால் அதற்கு அடுத்தவை எல்லாம் குழம்பும். அடப்ரரைக் கையில் தூக்கிப் பாருங்கள். 5 அம்பியர் என்று எழுதியும் போன் சார்ஜர் பாரம்தான் இருக்கிறதென்றால் நம்ப வேண்டாம்.

நிறமும் புறோகிராமும் வேண்டாம், வெளிச்சம் போதும் என்றால் வெறும் 12 வோல்ற் ஒற்றை நிற ஸ்ரிப்தான் சுகம். எதுவானாலும் குமிழ் நேரே கண்ணில் படக்கூடாது. கண்ணாடிச் சட்டத்தின் உள்விளிம்பில் கீழ்நோக்கி ஒட்டி, முன்னால் பட்டம் கட்டும் ரிசுத்தாளை இரண்டு மடிப்பாக ஒட்டினால் ஒளி பால்போலப் பரவும்.

குண்டு பட்டதும் நிறம் மாற, நெம்புள்ள மைக்ரோ சுவிட்ச் எட்டுப் பத்து வாங்குங்கள். குண்டே இரண்டு ஆணியைத் தொட்டு மின்னை இணைக்கட்டும் என்று செய்வாரும் உண்டு. புதிதில் நன்றாக வேலை செய்யும். ஆணியில் கறள் ஏறியதும் புள்ளி விழாது, பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள்.

கேள்வி: மின்வெட்டிலும் விளையாட 12 வோல்ற் பற்றரியில் ஓட்டலாமா? (நெடுங்கேணி)

பதில்: ஓட்டலாம். 12 வோல்ற் ஸ்ரிப்பில் மீற்றருக்கு 4.8 வாற் வகை 3 மீற்றர் போட்டால் 1.2 அம்பியர். 7 ஆம்பியர்மணி ஈயப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் வைத்தால் மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்ட எரியும். நேர் முனைக்குப் பக்கத்திலேயே 3 அம்பியர் பியூஸ். 5 வோல்ற் ஸ்ரிப்புக்கென்றால் இடையில் வோல்ற் குறைக்கும் போர்ட் வேண்டும். 3 அம்பியர் என்று விற்கும் சின்ன எல்.எம் 2596 போர்ட்டில் 2 அம்பியருக்கு மேல் எடுக்காதீர்கள். பற்றரியைப் பெட்டிக்குள் அடைக்க வேண்டாம், சார்ஜ் ஏறும்போது வாயு வரும். 230 வோல்ற் அடப்ரரும் பெட்டிக்கு வெளியிலேயே இருக்கட்டும், உள்ளே வருவது 5 அல்லது 12 மட்டும்.

கேள்வி: மேல்மூடிக்கு பெர்ஸ்பெக்ஸ் (கண்ணாடிபோன்ற பிளாஸ்ரிக் தகடு) வெட்டச் சொன்னோம். அரை அங்குலம் குறைத்து வெட்டிவிட்டு, வெட்டினதை எடுக்க மாட்டோம் என்கிறார்கள். (கிளிநொச்சி)

பதில்: நீங்கள் கொடுத்த அளவு பற்றுச்சீட்டில் எழுதப்பட்டிருக்கிறதா? இருந்தால் பிழை அவர்களுடையது, மாற்றித்தரக் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லுங்கள். பொருளை வாங்கின நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்து முறைப்பாட்டைக் கொடுக்க வேண்டும். அளவை வாயால் மட்டும் சொல்லியிருந்தால் நிரூபிப்பது கஷ்டம்.

அதற்காக அந்தத் துண்டு வீண் இல்லை. மேல் சட்டத்தின் உட்பக்கம் இரண்டு நீளத்திலும் 1 அங்குலச் சட்டத்துண்டு அடித்து, 5 மி.மீ தவாளிப்பு எடுத்தால் குறைந்த அரை அங்குலம் மறைந்துவிடும். மூடி முன்னாலிருந்து இழுத்து எடுக்கக்கூடியதாக இருக்கட்டும், ஆணி நிமிர்த்த அடிக்கடி கழற்ற வேண்டிவரும். செம்மண் புழுதியை உலர்ந்த துணியால் துடைத்தால் பெர்ஸ்பெக்ஸ் கீறும், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.