கருப்பு வவ்வால் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: வெள்ளை வவ்வால், கருப்பு வவ்வால் இரண்டும் ஒரே மீன்தான், நிறம் மட்டும் வேறு என்கிறார் மீன்காரம்மா. சரியா? மரபணுவைப் படித்தால் மீன்களின் உறவுமுறை தெரிந்துவிடுமாமே, எப்படி?
– வாசகி, கடலூர்

பதில்: சரியில்லை அம்மா. கருப்பு வவ்வால், பாறை மீனின் பங்காளி. வெள்ளை வவ்வாலோ வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி எல்லாம் இருக்கும் கூட்டம். இரண்டுமே தட்டையாக, அகலமாக இருக்கும்; வளர்ந்த மீனுக்கு வயிற்றுத் துடுப்பும் கிடையாது. அதனால்தான் கண் ஏமாறுகிறது. அடுத்த முறை கருப்பு வவ்வால் வாங்கினால், வால் தொடங்கும் இடத்தில் பக்கவாட்டில் விரலால் தடவிப் பாருங்கள். சின்னச் செதில்கள் கெட்டியாக, சொரசொரவென்று தட்டுப்படும். பாறையிலும் அதே இடத்தில் உண்டு, இன்னும் முரடாக. வெள்ளை வவ்வாலில் அது இருக்காது.

சரி, மரபணுவுக்கு வருவோம். கடுகளவு சதை போதும். ஒரு மீனை வெட்டிய கத்தரிக்கோலைத் துடைத்து நெருப்பில் காட்டாமல் அடுத்த மீனைத் தொட என் மாணவர்களை விடமாட்டேன். துணுக்குச் சதை ஒட்டியிருந்தாலும் வவ்வாலின் குழாயில் வாளையின் டிஎன்ஏ கலந்துவிடும். டிஎன்ஏவைப் பிரித்து, வேண்டிய பகுதியை மட்டும் பிசிஆர் கருவியில் பெருக்கி, எழுத்து எழுத்தாகப் படிக்கிறோம். டிஎன்ஏ என்பது நான்கு வகை வேதிப்பொருள்கள் மாறி மாறி வரும் நீண்ட வரிசை; அவற்றைத்தான் எழுத்து என்கிறோம். பல மீன்களின் வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால், எந்த மாற்றம் எவற்றுக்குப் பொது என்பது தெரியும். எது எப்போது கிளை பிரிந்தது என்பதை அதை வைத்துக் கணினி கணக்கிடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 'பார்கோடு' என்று எல்லோரும் பேசுவது ஒரே மரபணுவில் சுமார் 650 எழுத்துகளைத்தான். மீனின் பெயரைக் கண்டுபிடிக்க அது அருமையான கருவி. ஆனால் பல கோடி ஆண்டுப் பழைய உறவுக்கு அதை மட்டும் நம்பக்கூடாது. அவ்வளவு காலத்தில் ஒரே இடத்தில் எழுத்து திரும்பத் திரும்ப மாறி, பழைய தடயம் அழிந்துபோகும். அதற்கு, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பின் டிஎன்ஏவில் உள்ள 16,500 சொச்சம் எழுத்துகளையும், கூடவே செல்லின் உட்கருவில் இருக்கும் மரபணுக்களையும் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்ததில் வந்த முடிவுகள் என்னை இன்னும் சிலிர்க்க வைக்கின்றன. 2013இல் ஜப்பானின் மசாகி மியா குழு, சூரை, கானாங்கெளுத்தி குடும்பத்தையும் வாளை, வெள்ளை வவ்வால் உள்ளிட்ட வேறு 14 குடும்பங்களையும் ஒரே மூதாதையின் வழிவந்தவை என்று காட்டியது. ரிப்பன் மாதிரி நீண்ட வாளைக்கும் தட்டு மாதிரி வவ்வாலுக்கும் ஒரே பாட்டி! சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு கடலின் பெரிய வேட்டை மீன்களும் அழிய, காலியான இடத்தில் இந்தக் கூட்டம் பரவியது என்பது அவர்கள் கருத்து. சூரையைப் போலவே வேகமாகப் பாயும் மயில் மீனோ இதில் இல்லை. அது பாறை, நாக்கு மீன் இருக்கும் கிளையில் போய் உட்கார்ந்திருக்கிறது.

கேள்வி: கல்லூரியில் ஃபார்மலின் ஜாடியில் இருக்கும் பழைய மீன்களை வைத்து இதைச் செய்யலாமா?
– மாணவர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம் தம்பி. ஃபார்மலின் டிஎன்ஏவைத் துண்டு துண்டாக்கிவிடும். அதிலிருந்து படிப்பது பெரிய ஆய்வகங்களுக்கே சிரமம். காலையில் கரைக்கு வரும் புது மீனில் துடுப்பின் ஓரத்தைக் கத்தரித்து, 95 சதவீத எத்தனாலில் போட்டு, குளிரில் வையுங்கள். முழு மீனையும் படம் எடுத்துவிடுங்கள். பிடித்த இடமும் தேதியும் பென்சிலில் எழுதி உள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.