அளந்து பார்க்கும் பையனை எதில் சேர்ப்பது?

அம்மா, பிளஸ் டூவில் மகனுக்குக் கணக்கில் மார்க் குறைந்துவிட்டது, மன்னார்குடியிலேயே ஏதாவது டிகிரியில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, பம்புசெட் மோட்டாரைப் பிரித்தால் பேரிங், ஷாஃப்ட் எல்லாவற்றையும் ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் குறித்துக்கொள்வான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயம். அவனை ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையம்) ஃபிட்டர் அல்லது மெஷினிஸ்ட் பிரிவில் சேருங்கள். ஃபிட்டர் இயந்திர பாகங்களைப் பொருத்துபவர், மெஷினிஸ்ட் அவற்றை இயந்திரத்தில் வெட்டி உருவாக்குபவர். 2 வருடப் படிப்பு. 10ஆம் வகுப்புத் தேர்ச்சி போதும். உறவுக்காரர்கள் கௌரவக் குறைச்சல் என்பார்கள். சொல்லட்டும். சுவாமிமலை ஸ்தபதிகள் தென்னை ஓலை நறுக்கை மடித்துத்தான் சிலையின் அங்க அளவுகளைக் குறிக்கிறார்கள். அளவெடுப்பது நம் பக்கத்தில் மதிப்பான வேலைதான்.

அவன் கழற்றியது 6205 பேரிங் என்றால், உள்விட்டம் 25 மில்லிமீட்டர். அதற்கான ஷாஃப்டில் நூறில் இரண்டு மூன்று பங்கு மில்லிமீட்டர் குறைந்தாலே பேரிங் நழுவிச் சுற்றும். ஸ்கேலில் அது தெரியாது. அதற்கென்றே நுண்ணளவுக் கருவிகள் இருக்கின்றன: வெர்னியர் 0.02 மில்லிமீட்டர் வரை காட்டும், மைக்ரோமீட்டர் 0.01 மில்லிமீட்டர் வரை. மைக்ரோமீட்டரை ஒரு சுற்று திருப்பினால் அரை மில்லிமீட்டர் நகரும். அந்தச் சுற்றில் 50 கோடுகள், ஆக ஒரு கோடு 0.01 மில்லிமீட்டர். முதலில் மூடிப் பார்த்துப் பூஜ்யம் சரியா என்று கவனிக்க வேண்டும். அப்புறம் அதன் முனையில் இருக்கும் ராட்செட் என்ற சிறு திருகைப் பிடித்து, 'டிக் டிக்' என்று சத்தம் வரும்வரை மட்டும் திருக வேண்டும். பலம் கொடுத்து இறுக்கினால் அளவு குறைத்துக் காட்டும். கடைசல் இயந்திரத்தில் (லேத்) இருந்து சூட்டோடு எடுத்த பொருளையும் அளக்கக்கூடாது. 100 மில்லிமீட்டர் இரும்பு 10 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.01 மில்லிமீட்டர் நீளும். அதனால்தான் அளவுக்கான வெப்பநிலை 20 டிகிரி என்று உலகமெங்கும் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கைப்பழக்கம் புத்தகத்தில் வராது. ஆகவே பணம் கட்டுமுன் நீங்களும் அவனும் நேரில் போய்ப் பாருங்கள். இரண்டாம் வருடப் பையன் ஒருவனிடம் மைக்ரோமீட்டரில் ஒரு கம்பியை அளந்து காட்டச் சொல்லுங்கள். கருவிகள் பீரோவில் பூட்டிக் கிடந்தால் அந்த இடம் வேண்டாம். அரசு ஐடிஐ கிடைத்தால் அதையே எடுங்கள். கல்விக் கட்டணம் இல்லை, மாத உதவித்தொகையும் உண்டு.

படித்து முடித்ததும் அப்ரெண்டிஸ் பயிற்சிக்குப் பொன்மலை ரயில்வே பணிமனை, திருச்சி பெல் (BHEL) தொழிற்சாலை இரண்டின் அறிவிப்புகளையும் கவனியுங்கள். துவாக்குடி பக்கத்துப் பட்டறைகளிலும் விசாரிக்கலாம். தரப் பரிசோதனைப் பிரிவில் நுழைந்துவிட்டால், பிறகு பாகங்களின் அளவைக் கணினி மூலம் எடுக்கும் சிஎம்எம் இயந்திரம் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம். மேலே படிக்க ஆசை வந்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேர வழி இருக்கிறது.