டியூரர் சீட்டுக்கு அட்வான்ஸ் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: பழைய புத்தகங்கள் சேகரிக்கிறேன். 'நியூரம்பர்க் பிர்க்ஹைமர் நூலகத்தின் டியூரர் சீட்டு, சான்றிதழுடன்' என்று ஓர் இணைய வியாபாரி ஒற்றைத் தாளைக் காட்டுகிறார். ஓவியர் டியூரர் வரைந்த, புத்தகம் யாருடையது என்று காட்ட உள்ளே ஒட்டும் சீட்டாம் அது. இன்றே அட்வான்ஸ் வேண்டுமாம். வாங்கலாமா?

பதில்: அனுப்பாதீர்கள்.

வில்லிபால்ட் பிர்க்ஹைமர் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகர மன்ற உறுப்பினர். 1530இல் இறந்தார். அவர் புத்தகங்களில் ஒட்டுவதற்காக நண்பர் டியூரர் வரைந்த சீட்டில் அவருடைய குடும்பச் சின்னமும் மனைவி வீட்டுச் சின்னமும் இருக்கும். ஆனால் அது மரக்கட்டையில் செதுக்கிய அச்சு. ஒரே கட்டையில் எத்தனையோ பிரதிகள் எடுக்கலாம். ஆகவே சீட்டு அசலாக இருந்தாலும், அது அவர் புத்தகத்தில் ஒட்டியிருந்ததற்கு அத்தாட்சி ஆகாது. சீட்டைக் கிழித்துத் தனியாகவும் புத்தகத்தைத் தனியாகவும் விற்கும் தரகர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கிழித்த நிமிடமே புத்தகத்தின் வரலாறு போய்விடும். இந்தக் கொடுமைக்குத் துணைபோகாதீர்கள்.

சான்றிதழை நம்பவே வேண்டாம். அதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், தடுக்க ஆள் இல்லை. புத்தகம் யார் யார் கைமாறி வந்தது என்று கேளுங்கள். 1636இல் ஆரண்டல் பிரபு இந்த நூலகத்தை வாங்கி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 1667இல் அவர் பேரன் அதை லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்குக் கொடுத்தார். நன்கொடையாக வந்ததைக் காப்பாற்றாமல் அவர்களே 1873இலும் 1925இலும் அச்சு நூல்களை விற்றார்கள். இன்று சந்தையில் இத்தனை குழப்பம் இருப்பதற்கு அதுவும் காரணம். அந்த வழியாக வந்த புத்தகத்தில் சொசைட்டியின் நன்கொடை முத்திரையைத் தேடுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பிர்க்ஹைமரின் வாரிசுகளான இம்ஹோஃப் குடும்பத்தார், டியூரர் வண்ணம் தீட்டிய சில புத்தகங்களை 1636க்கு முன்பே தனியாக விற்றுவிட்டார்கள். அவற்றில் முத்திரை இருக்காது. இதைத்தான் தரகர்கள் பிடித்துக்கொள்வார்கள்: "முத்திரை இல்லையா? முன்னாலேயே விற்றது சார்!" சரி, அப்படியென்றால் முதல் பக்கத்தில் வண்ண ஓவியம் எங்கே என்று கேளுங்கள். அது முழுப் புத்தகத்தைப் பற்றிய பேச்சு, ஒற்றைத் தாளுக்கு அந்தக் கதை பொருந்தவே பொருந்தாது.

அப்புறம், பூதக்கண்ணாடியில் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது இந்தக் காலத்து நகல். தாளின் இருபக்கப் படமும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுத்த படமும் கேளுங்கள். மறுத்தால் பேச்சை அத்தோடு நிறுத்திவிடுங்கள்.