கெப்போங் முகவரி, யார் லாரி?

கோலாலம்பூர்-சிலாங்கூர் எல்லையோரம் இருக்கிற கெப்போங்கில் வாசல் குப்பையை யாரும் அள்ளலை, யாரிடம் புகார் செய்றதுன்னு கேட்டிருந்தீங்க. உங்க வாசலில் கிடக்கிற குப்பை அநேகமா சிலாங்கூர் கணக்கு, கோலாலம்பூர் கணக்கு இல்லை. கெப்போங் 52100 என்று கடிதம் வருவதால் வீடு கோலாலம்பூர் மாநகர் மன்ற (டிபிகேஎல்) எல்லைக்குள் இருக்கணும்னு அவசியமில்லை. அந்தப் பக்கம் சில தாமான்கள் (குடியிருப்புப் பகுதிகள்) எல்லைக்கோட்டைத் தாண்டி இருக்கு. அதனால்தான் நீங்க போன ரெண்டு கவுண்டரிலும் "எங்க ஏரியா இல்ல" என்ற பதில்.

வீட்டு மதிப்பீட்டு வரி பில்லை எடுங்க. மேலே யார் சின்னம் இருக்கு?

டிபிகேஎல் என்றால் எஸ்டபிள்யூகார்ப்பிடம் (திடக்கழிவைக் கவனிக்கிற கூட்டரசு அமைப்பு) புகார் போடுங்க. லாரி அலாம் ஃப்ளோரா என்ற நிறுவனத்துடையது. 2007-ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டம் 672-இன் கீழ், 2011 செப்டம்பரில் கூட்டரசு அரசாங்கம் இந்த வேலையை எடுத்துக்கொண்டது. சிலாங்கூர் அதில் சேரவில்லை. ஆக, பில்லில் செலாயாங் மாதிரி சிலாங்கூர் மன்றத்தின் சின்னம் இருந்தால் அந்த மன்றத்துக்கே எழுதுங்க. அங்கே லாரி கேடிஇபி என்ற நிறுவனத்துடையது. வரிக் கணக்கு எண்ணையும் குப்பையின் படத்தையும் சேர்த்து அனுப்புங்க. இல்லாவிட்டால் மறுபடியும் பந்தாட்டம்தான்.

ஒன்று: இது தரைவீட்டுக்கு. அடுக்குமாடி என்றால் குப்பை அறை வரைக்கும் கட்டட நிர்வாகத்தின் பாடு, முதலில் அவங்களைக் கேளுங்க.