ஊர் சுற்றிய டீச்சர் பதில்கள்

டீச்சர், சேலத்தில் புவியியல் பாடம் நடத்திய நீங்கள் உலகம் பூராவும் பார்த்து முடித்துவிட்டீர்களாமே, உண்மையா?
– வாசகர், ஓமலூர்

இல்லை. ஐ.நா. சபையில் 193 நாடுகள் இருக்கின்றன. என் பாஸ்போர்ட்டுகளில் முத்திரை விழுந்தவை 41. அந்த 41-லும் எவ்வளவு பார்த்தேன்? 2011-இல் மாஸ்கோவிலிருந்து விளாடிவஸ்தோக் வரை 9,289 கிலோமீட்டர் ரயிலில் போனேன், ஒரு வாரம். அப்போது அங்கே எந்த ஸ்டேஷன் கடிகாரமும் மாஸ்கோ நேரத்தைத்தான் காட்டும். கடிகாரத்தில் மதியம் இரண்டு மணி, வெளியே கும்மிருட்டு. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குத் தீர்க்கரேகை நடத்தியவள் நான்; அன்றைக்குத்தான் அது எனக்கு உடம்பில் உறைத்தது. பெட்டிக் கோடியில் எந்நேரமும் வெந்நீர் கிடைக்கும். அதில் சத்துமாவைக் கரைத்துக் குடித்துக்கொண்டு ஜன்னலோரமே உட்கார்ந்திருந்தேன். சைபீரியாவைப் பார்த்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஜன்னல் அகலத்துக்குப் பார்த்தேன்.

பெண் தனியாகப் போகப் பயமில்லையா அம்மா?
– வாசகி, ஆத்தூர்

இன்றைக்கும் பயம்தான். காசு கூட ஆனாலும், புது ஊருக்கு வெளிச்சத்தில் போய்ச் சேருகிற மாதிரி டிக்கெட் எடுப்பேன். இறங்கியதும் பக்கத்துக் கடைக்காரம்மா ஒருவரிடம் முகம் பழகிக்கொள்வேன்.

ஆப்பிரிக்கா போக ஆசை. முதலில் என்ன செய்ய வேண்டும்?
– கல்லூரி மாணவர், மேட்டூர்

எத்தியோப்பியா, கென்யா மாதிரி நாடுகள் என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, தம்பி. பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டாக வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டதற்கு மஞ்சள் அட்டையில் தரும் சான்றிதழ் வாழ்நாள் முழுக்கச் செல்லும். அது இல்லாமல் ஊர் திரும்பினால் இங்கே ஆறு நாள்வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள்.

போன இடங்களில் மறக்க முடியாத வீடு எது?
– வாசகி, அஸ்தம்பட்டி

எத்தியோப்பியாவில், ஜிம்மா நகரை ஒட்டிய ஒரு வீடு. காபிச் செடிக்கு அந்தத் தேசம்தான் தாய்வீடு. நம் சேர்வராயன் மலையில் விளைகிற அரபிகா வகைக் காபிக்கும் பூர்வீகம் அதுவே. தாய்வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா என்று, ஏற்காட்டில் நாகலூர்த் தோட்டத்துக் கொட்டையை வறுத்து அரைக் கிலோ கொண்டுபோனேன்.

வீட்டம்மாவுக்கு என் வயசு இருக்கும். தரையில் பசும்புல் பரப்பி, சாம்பிராணி போட்டு, பச்சைக் கொட்டையைக் கழுவிச் சட்டியில் வறுத்தார். புகை எழும்பியதும் சட்டியை ஒவ்வொருவர் முகத்தருகேயும் கொண்டுவந்தார். கற்பூரத் தட்டில் ஒற்றிக்கொள்வதுபோலக் கையால் புகையை வாங்கிக்கொண்டோம். பிறகு உரலில் இடித்து, ஜெபெனா என்கிற கழுத்து நீண்ட மண்கூஜாவில் காய்ச்சி, பிடியில்லாத சின்னக் கிண்ணங்களில் மூன்று சுற்று ஊற்றினார். அபோல், தோனா, பராகா. பராகா என்றால் ஆசீர்வாதம். அதைக் குடிக்காமல் எழுந்து போவது மரியாதை இல்லை.

என் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தார். ஏதோ கேட்டார். பேத்தி இங்கிலீஷில் சொன்னாள்: "இதைப் பறித்தது யார் என்று பாட்டி கேட்கிறார்."

எனக்குப் பதில் தெரியவில்லை. பத்து வருஷமாக அந்தத் தோட்டத்துக்குப் போய் வருகிறேன். முதலாளி பேர் தெரியும், கிலோ விலை தெரியும். மலையாளி என்கிற அந்த மலைப் பழங்குடிப் பெண்கள் காலைப் பனியில் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு பழம் பறிப்பதைப் பார்த்திருக்கிறேன், போட்டோகூட எடுத்திருக்கிறேன். ஒருத்தி பேரையும் கேட்டதில்லை. கிண்ணத்தைப் பிடித்தபடி தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். இத்தனை தேசம் போனவள் வெட்கப்பட்டது அந்த ஒரு வீட்டில்தான்.

அந்த டிசம்பரில் நாகலூர் போய் நான்கு நாள் அவர்களோடு செடி வரிசையில் நின்றேன். பச்சைக் காய் உதிராமல் பழத்தை மட்டும் திருகி எடுக்க இரண்டு நாள் பழக வேண்டியிருந்தது. பதினோரு பேர். பெயர்களை எல்லாம் எழுதி ஜிம்மாவுக்குக் கடிதம் போட்டேன். பேத்திதான் பதில் எழுதினாள். அடியில் பாட்டி சொல்லி எழுதியதாக ஒரு வரி இருந்தது. அவர்கள் தோட்டத்தில் பழம் பறிக்கிற நான்கு பெண்களின் பெயர்கள்.