பாவிக்காத பிளகினும் ஒரு வாசல்தான்: கேள்வி பதில்

திருகோணமலை நகரிலிருந்து, இணையத்தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் செய்த தளங்களைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். அதில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு நிரல்களான பிளகின்களில் வரும் பாதுகாப்பு ஓட்டைகள் பற்றி நம்மூர்க்காரர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

நிலாவெளியில் தங்குவிடுதி நடத்துபவர்: அண்ணா, எங்கட பத்து அறை விடுதி. அந்தத் தளத்தை உடைச்சு ஒருத்தனுக்கு என்ன கிடைக்கப்போகுது?

உங்கள் விடுதியென்று பார்த்து ஒருவனும் வருவதில்லை. கரைவலை வளைப்பவர் இன்ன மீன்தான் வேண்டுமென்றா வளைக்கிறார்? ஒரு பிளகினில் ஓட்டை இருப்பது வெளியே தெரிந்ததும், அது எந்தெந்தத் தளத்தில் இருக்கிறதென்று தானியங்கி நிரல்கள் உலகம் முழுக்கத் துழாவும். அகப்பட்ட தளத்திலிருந்து குப்பை மின்னஞ்சல் அனுப்பலாம், சூதாட்டத் தளங்களுக்கு இணைப்பு ஒட்டலாம், அறை பதிய வருபவரைப் போலிக் கட்டணப் பக்கத்துக்குத் திருப்பலாம். சீசன் நடுவில் கூகிள் உங்கள் தளத்துக்கு முன்னால் சிவப்பு எச்சரிக்கை காட்டினால் எத்தனை பதிவு போகுமென்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

கிண்ணியா, பழைய மாணவர் சங்கத் தளம் பார்ப்பவர்: பாவிக்காத பிளகின் ஏழெட்டு கிடக்கு. எல்லாத்தையும் டீஆக்டிவேட் பண்ணிட்டன். போதும்தானே?

போதாது. நான் பார்க்கும் தளங்களில் பாதிக்கு மேல் இந்த நம்பிக்கையோடுதான் இருக்கின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டீஆக்டிவேட் செய்தால் வேர்ட்பிரஸ் அந்தப் பிளகினை ஏற்றாது, அவ்வளவுதான். அதன் கோப்புகள், தளம் இருக்கும் கணினியான சேர்வரில் அப்படியே கிடக்கும். முகவரி தெரிந்தவன் அவற்றில் ஒன்றை நேரே கூப்பிட முடியும்.

2020 செப்டெம்பரில் டபிள்யூபி ஃபைல் மனேஜர் என்ற பிளகினில் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. 7 இலட்சத்துக்கு மேற்பட்ட தளங்களில் அது இருந்தது. எல்ஃபைண்டர் என்ற திறந்தமூலக் கோப்பு மேலாளர் அதற்குள் இருந்தது. அதோடு வரும் மாதிரிக் கோப்பு ஒன்று தானாக ஓடிவிடக்கூடாது என்பதற்காகவே 'டிஸ்ட்' என்ற பின்னொட்டோடு இருக்கும். பிளகின் செய்தவர்கள் அந்தப் பெயரை மாற்றி, சேர்வரில் ஓடக்கூடிய பிஎச்பி நிரல் கோப்பாக விட்டுவிட்டார்கள். அது லொகின் கேட்கவில்லை. யாரும் வந்து தன் பிஎச்பி கோப்பை ஏற்றி ஓடவிடலாம் என்றாகிவிட்டது. வேர்ட்பிரஸைத் தொடாமலே தனியாக ஓடும் கோப்பு அது. ஆகவே பிளகினை நிறுத்தி வைத்திருந்தாலும் வாசல் திறந்தே கிடந்தது. 6.9 பதிப்பில்தான் அடைத்தார்கள்.

எனவே டிலீட் செய்யுங்கள். தளத்துக்குத் தோற்றம் தரும் தீம்களில் பாவிக்காதவற்றையும் அப்படியே. கோப்பு மேலாளர், ஹோஸ்டிங்காரர் தரும் கட்டுப்பாட்டுப் பக்கமான சீபனலிலேயே இருக்கிறது, அதற்கென்று ஒரு பிளகின் தேவையே இல்லை.

மூதூர், கோயில் தளம்: காசு குடுத்து வாங்கிற பிளகின் ஒன்றை ஒரு நண்பர் சும்மா தந்தார். போடலாமா?

வேண்டாம். டபிள்யூபி-விசிடி என்ற தீநிரல் பரவியதே இப்படி இலவசமாகக் கைமாறிய தீம், பிளகின்களுக்குள் ஒளிந்துதான்.

சம்பூர், ஓய்வுபெற்ற ஆசிரியை: தம்பி, பாதுகாப்புக்கென்றே ஒரு பிளகின் போட்டுத் தந்திருக்கினம். இனிப் பயமில்லைத்தானே?

டீச்சர், அதுவும் மனிதர் எழுதிய நிரல்தான். ரியலி சிம்பிள் செக்யூரிட்டி என்ற பிளகின் 40 இலட்சம் தளங்களில் இருந்தது. 2024 நவம்பரில், பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சோதனையும் வைக்கும் அதன் இரட்டை உறுதிப்படுத்தலிலேயே ஓட்டை கண்டார்கள். வந்தவன் காட்டிய அனுமதிச் சீட்டு பிழையென்று நிரல் கண்டுபிடித்தது. ஆனால் அங்கேயே நிறுத்தாமல் அடுத்த வரிக்குப் போய் அவனை உள்ளே விட்டது. இரட்டை உறுதிப்படுத்தலை இயக்கி வைத்திருந்த தளத்தில் முழு அதிகாரமுள்ள அட்மினாகவே நுழைய முடிந்தது. பிளகினை எடுக்கச் சொல்லவில்லை, டீச்சர். அதையும் தவறாமல் அப்டேட் செய்யச் சொல்லுங்கள்.

உப்புவெளி, சுழியோடல் நிலையம்: போனமுறை அப்டேட் பண்ணி புக்கிங் படிவம் குழம்பிப் போச்சு. சீசன் முடிஞ்சபிறகு பண்ணட்டுமா?

பாதுகாப்பு அப்டேட் என்றால் அன்றே செய்யுங்கள். திருத்தம் வெளிவந்ததும் பழைய பதிப்பையும் புதியதையும் ஒப்பிட்டு ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க ஆட்கள் இருக்கிறார்கள். முதலில் பேக்கப் எடுங்கள், பிறகு அப்டேட், பிறகு நீங்களே ஒரு பதிவு போட்டுப் பாருங்கள். படிவம் குழம்பினால் ஒருநாள் வாட்ஸ்அப்பில் பதிவு எடுக்கலாம். வேர்ட்பிரஸ் 5.5 இலிருந்து பிளகின்களைத் தானாக அப்டேட் ஆக விடலாம். படிவத்தோடு சம்பந்தமில்லாதவற்றுக்கு அதை இயக்கி விடுங்கள்.

நகரில் அச்சகம் வைத்திருப்பவர்: ஹேக் ஆனபிறகு எல்லாம் அப்டேட் பண்ணினன். இரண்டு கிழமையில திரும்ப வந்திட்டான்.

அவன் வெளியே போகவே இல்லை. அப்டேட் ஓட்டையை அடைத்தது, உள்ளே விட்டுவைத்த பின்கதவை அடைக்கவில்லை. பயனர் பட்டியலில் தெரியாத அட்மின் உண்டா பாருங்கள். படங்கள் போகும் அப்லோட்ஸ் கோப்புறைக்குள் பிஎச்பி கோப்பு இருந்தால் அது பெரும்பாலும் அவனுடையதுதான். வேர்ட்பிரஸையும் பிளகின்களையும் அழித்துவிட்டுப் புதிதாக இறக்கிப் போடுங்கள். தளம், ஹோஸ்டிங், டேட்டாபேஸ் மூன்றின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். இதற்கெல்லாம் முன்னால், தளத்துக்குச் சேர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங்காரரிடம் அக்சஸ் லொக்கை, அதாவது யார் எப்போது எந்தக் கோப்பைக் கூப்பிட்டார் என்ற குறிப்பை, கேட்டு வாங்குங்கள். எந்தப் பிளகின் வழியாக வந்தான் என்பது பெரும்பாலும் அதில் பதிந்திருக்கும். பழைய லொக்கை அவர்கள் அதிக நாள் வைத்திருப்பதில்லை, இன்றே கேளுங்கள்.